ஒரே பில்லில் இரண்டு தேதி

உண்மையின் விலை ஜோடி முந்நூற்று அறுபது யூரோ; வரி தனி. ஜோடியாக எடுத்தால் ஏதாவது குறைப்பீர்களா என்று அல்மேரியாவில் இருக்கும் பரிசோதனைக் கூடத்துக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். "இது என்ன தலையணை உறையா?" என்றாள் எடுத்த பெண். தலையணை உறைதான் என் தொழில் என்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் புதன்கிழமைச் சந்தையில் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் விற்கிறது. நான் பெனல்மாரா நகராட்சியில் தண்ணீர்த் துறை உறுப்பினர் ஆனதும் ஒரு பேரத்தில்தான். நான் கேட்டது திருவிழாத் துறை. அதைத் தர மேயர் லியோகாதியாவுக்கு மனம் வரவில்லை. சாக்கடையைத் தலையில் கட்டி, கொசுறாக ஒரு சுழல் நாற்காலியும் கொடுத்தார். நாற்காலி நன்றாகத்தான் சுழல்கிறது.

சாக்கடையோடு சேர்ந்து வந்ததுதான் பச்சைக் குளம். பழைய கால்பந்து மைதானத்தில் பாதியை வெட்டி மூன்று வருடம் முன்பு கட்டியது. முழங்கால் ஆழம், ஓட்டப்பந்தயத் தடம் போல நீள்வட்டம், தண்ணீரைச் சுற்றிக்கொண்டே இருக்க ஒரு துடுப்புச் சக்கரம். தண்ணீரின் நிறம் பட்டாணி சூப். அது நிறம் இல்லை, உயிர்: கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்பாசி. ஊர்ச் சாக்கடையைச் சுத்திகரித்த பிறகும் நாங்கள் விழுங்கிய மாத்திரைகளின் மிச்சமும், முழங்காலில் தேய்த்துக் குளியலில் கழுவிய களிம்பும் தண்ணீரில் கரைந்தே கிடக்கும். அது இந்தக் குளத்துக்குள் வந்து ஐந்து நாள் தங்கும். பாசி கொஞ்சம் தின்னும், பாசி விடும் மூச்சில் பிழைக்கும் கிருமிகள் கொஞ்சம் தின்னும், எங்கள் ஊர் வெயில் மீதியைப் பார்த்துக்கொள்ளும். வெளியே வரும் தண்ணீர் தக்காளித் தோட்டங்களுக்குப் போகும். உள்வாய் மைதானத்தின் நடுக்கோட்டில். வெளிவாய் வடக்குக் கோலில். துருப்பிடித்த கம்பங்கள் இன்னும் அங்கேயே நிற்கின்றன.

குளத்தைப் பார்த்துக்கொள்பவள் கசில்தா, முர்சியாவிலிருந்து வந்த பொறியாளர். வந்த நாளிலிருந்து அவள் பூட்ஸ் காய்ந்து நான் பார்த்ததில்லை. மைதானத்தை இழந்தவன் தொரிபியோ: கால்பந்துக் கழகத் தலைவன், சதுக்கத்தில் பார் நடத்துகிறவன், என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். மாகாணம் மூன்று வருடத்துக்குத்தான் பணம் தந்திருந்தது. இந்த மே மாதம் கணக்குப் பார்ப்பார்கள். பட்டியலில் நான்கு மருந்து. நான்கும் பாதிக்கு மேல் குறைந்திருந்தால் குளம் நிலைக்கும். ஒன்று தவறினாலும் மண்ணைக் கொட்டி மூடுவார்கள். மண்ணுக்குத் தொரிபியோ விலை விசாரித்து வைத்திருந்தான். நல்ல விலைதான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

சோதனைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கசில்தாவின் அக்காவுக்குப் பிரசவம். பத்து நாள் குளத்தை என்னிடம் விட்டுவிட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ‘தோன்’ என்று மரியாதை போட்டு வாயாலும் சொன்னாள்.

"தோன் ஹினெஸ், தினமும் காலைல உள்வாயில ஒரு பாட்டில், வெளிவாயில ஒரு பாட்டில். தேதி எழுதி உறைபெட்டியில வச்சிடுங்க. கூடத்துக்கு எந்த ரெண்டு போகணும்னு கீழ எழுதியிருக்கேன். நீங்களா எதுவும் யோசிக்காதீங்க."

"நான் யோசிச்சு என்ன கெட்டுப் போச்சு?"

"அதான் இன்னும் கெட்டுப் போகலையே."

உறைபெட்டி பழைய உடைமாற்றும் அறையில் இருந்தது. கழகத்தின் சொத்து, சுளுக்குக்கு ஐஸ் வைத்த பெட்டி. ஒழுங்காகச் செய்தேன் என்று சத்தியம் செய்வேன். வெள்ளி முதல் திங்கள் வரை மாதா யாத்திரை. ஊரே வண்டி கட்டிக்கொண்டு மலைக் கோயிலுக்குப் போய் மூன்று இரவு தங்கும். நானும் போனேன். ஆனால் தினமும் காலையில் தலைவலியோடு காரை எடுத்து இறங்கி வந்து, பாட்டிலை நிரப்பிவிட்டு மறுபடி மேலே ஏறினேன். ஆளில்லாத ஊரில் சதுக்கத்து நீரூற்றின் உபரி மட்டும் சாக்கடைக்குள் சலசலவென்று விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம்கூட எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

திங்கள்கிழமை பார்சல் கட்டும்போதுதான் தாளின் கடைசி வரியைப் பார்த்தேன். "உள்வாய்: புதன். வெளிவாய்: திங்கள்."

ஒரே பில்லில் இரண்டு தேதியா? எங்கள் கடையில் வரவும் செலவும் அந்தந்த நாள் சாயங்காலமே நேராகிவிட வேண்டும். புதன்கிழமை வரவுக்குத் திங்கள்கிழமைச் செலவை எழுதினால் அப்பா பெல்ட்டைக் கழற்றிவிடுவார். படித்த பெண், அக்கா பிரசவப் பதற்றத்தில் தவறாக எழுதிவிட்டாள் என்று பரிதாபப்பட்டு, நானே திருத்தினேன். உள்வாய் திங்கள், வெளிவாய் திங்கள். அனுப்பியாயிற்று.

வியாழக்கிழமை முடிவு வந்தது. அதன் நகலை நகராட்சிப் பலகையில் ஒட்டியாக வேண்டும் என்பது விதி. ஒட்டிய ஐந்தாம் நிமிடம் தொரிபியோ பார் வாசலில் நின்று கூவினான்.

"டேய் ஹினெஸ்! வாடா இங்க! உன் குளம் மாத்திரை தயார் பண்ணுதாமே!"

மூட்டு வலி மருந்து: உள்ளே போகும்போது லிட்டருக்கு நானூறு நானோகிராம். வெளியே வரும்போது ஆயிரத்து நூறு. நீக்கிய அளவு என்ற கட்டத்தில் கழித்தல் குறி போட்டு நூற்று எழுபத்தைந்து சதவீதம் என்று அச்சடித்திருந்தது. என் வாழ்க்கையில் வியாபாரத்தில் போட்ட முதலை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நூற்றுக்கு நூற்று எழுபத்தைந்து விட்ட ஆளைப் பார்த்ததில்லை.

"அது ஏதோ அச்சுப் பிழைடா."

"பிழையா? மூணு வருஷமா என் மைதானத்துல மருந்துக் கம்பெனி நடத்தியிருக்க! லைசென்ஸ் இருக்கா?" என்றவன் உள்ளே திரும்பி, "எல்லாருக்கும் ஒரு பீர்! கூட வறுத்த நெத்திலி! கணக்கு என்னுது!" என்றான். தொரிபியோ சும்மா பீர் ஊற்றியதை ஊர் கடைசியாகப் பார்த்தது அவன் கல்யாணத்தில்.

மதியத்துக்குள் கதை வேறு திசையில் ஓடியது. எலடியோ என்ற ஓய்வுபெற்ற தபால்காரர் ஒரு வாளியோடு குளத்தங்கரைக்கு வந்து நின்றார்.

"முழங்காலுக்குடா தம்பி. மருந்துக் கடையில சின்னக் குழாய் ஏழு யூரோ சொல்றான். வாளிக்கு நீ என்ன போடுவ?"

"இது விக்கறதுக்கு இல்லைங்க."

"சரி, ரெண்டு யூரோ."

"ஐயா, இது சாக்கடைத் தண்ணி."

"மூணு. அதுக்கு மேல ஒரு சென்ட் தர மாட்டேன்."

கூசாமல் சொல்கிறேன்: ஒரு கணம் வாளிக்கு எத்தனை லிட்டர் என்று கணக்குப் போட்டேன். அந்த நேரத்தில்தான் பேருந்திலிருந்து இறங்கிய கசில்தா பெட்டியை இழுத்துக்கொண்டு நேராகக் குளத்துக்கு வந்தாள். பலகையைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்பது பெட்டிச் சக்கரத்தின் சத்தத்திலேயே தெரிந்தது. எலடியோ வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார், வேடிக்கை இலவசம்.

"எந்தப் புதன்கிழமை பாட்டில அனுப்பினீங்க?"

"புதன் இல்ல, திங்கள். நீ தப்பா எழுதியிருந்த. திருத்திட்டேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பத்துவரை எண்ணுகிறாள் என்று நினைத்தேன். ஐந்துவரைதான் எண்ணினாள்.

"தண்ணி குளத்துல எத்தனை நாள் தங்கும்?"

"அஞ்சு நாள்."

"அப்ப திங்கக்கிழமை வெளிய வர்ற தண்ணி உள்ள போனது எப்போ?"

விரல் விட்டேன். "புதன்கிழமை."

"புதன்கிழமை ஊர்ல ஆயிரத்தித் தொள்ளாயிரம் பேர். அத்தனை முழங்காலும் இங்கதான் இருந்துச்சு. திங்கக்கிழமை காலைல?"

நீரூற்று இப்போதுதான் என்னிடம் பேசியது. ஆளில்லாத ஊரின் வெறும் நீரூற்றுத் தண்ணீரை உள்வரவாகவும், ஊரே நிறைந்திருந்த நாளின் தண்ணீரை வெளிச்செலவாகவும் எழுதியிருக்கிறேன். சந்தை இல்லாத நாளில் கல்லாவைத் திறந்து பார்த்துவிட்டு, போன வாரம் விற்ற விரிப்பெல்லாம் திருட்டுப் போய்விட்டது என்று போலீசுக்கு ஓடின மாதிரி.

"அப்போ புதன்கிழமை பாட்டில்?" என்றேன்.

"உறைபெட்டியில பத்திரமா இருக்கு. காசுதான் இல்ல. இன்னும் ஒரே ஒரு ஜோடிக்குத்தான் மேயரம்மா கையெழுத்துப் போடுவாங்க."

வியாபாரி மூளை அடிபட்டாலும் வேலையை விடாது. அன்று சாயங்காலம் நாற்காலியில் நாலு சுற்றுச் சுற்றியதும் எனக்கு வெளிச்சம் வந்தது. தவறை அப்படியே திருப்பிப் போட்டால் என்ன? நாளை வெள்ளி. உள்ளே வருவது முழு ஊரின் தண்ணீர். அதுவும் மலை ஏறி இறங்கின முழங்கால்கள். வெளியே போவது ஞாயிற்றுக்கிழமை உள்ளே வந்த ஆளில்லாத தண்ணீர். ஒரே நாள், ஒரே பில், அப்பாவுக்கும் மகிழ்ச்சி. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு நிச்சயம்.

ஓடிப்போய் கசில்தாவிடம் சொன்னேன்.

"நாலு மருந்தும் தேறிடும்," என்றாள் சிரிக்காமல்.

"அதானே!"

"புதனும் திங்களும் அனுப்பினா மூணுதான் தேறும். நாலாவது வலிப்பு மருந்து. பாசிக்கு அது ஆகாது. எந்த ஊர்லயும் தொடாது. இங்க அது இருக்காதுன்னு நம்பிட்டிருந்தேன். போன மாசம் சோதிச்சப்ப லேசா தெரிஞ்சுது."

"அப்புறம் என்ன யோசனை? வெள்ளிக்கிழமை ஜோடியே போதும்!"

"தோன் ஹினெஸ், இந்தக் கணக்கப் பார்த்துட்டு இன்னும் பத்து ஊர்ல குளம் வெட்டுவாங்க. அவங்க ஊர்ல யாத்திரை இருக்காதே. அப்ப என்ன பண்றது, மாதாவ அனுப்பி வைக்கறதா?"

நாற்காலிக்குத் திரும்பினேன். ஆனால் வெள்ளிக்கிழமை காலை இரண்டு பாட்டிலையும் நிரப்பி உறைபெட்டியில் வைத்தேன். வைக்கச் சொல்லித்தானே தாளில் எழுதியிருந்தது.

அதே நாள் மதியம் பாரில் தொரிபியோ எங்கள் இருவரையும் மடக்கினான்.

"திருப்பி அனுப்பப் போறீங்களாமே. புதன் உள்ள, திங்கள் வெளிய. இது என்னடா பித்தலாட்டம்? ஆட்டத்துக்கு முதல் பாதி ஒரு நாள், ரெண்டாம் பாதி அடுத்த வாரமா? கழகத்தோட உறைபெட்டி, இப்பதான் பூட்டிட்டு வரேன், சாவி என்கிட்ட. ஒரே தேதி பாட்டிலா இருந்தாத்தான் வெளிய விடுவேன். இன்னைய தேதி. எழுதித் தரேன், முத்திரையும் வச்சுத் தரேன்."

என் காதுகளை என்னால் நம்ப முடியவில்லை. வாங்க வந்தவன் விலையைத் தானே ஏற்றிச் சொல்கிறான்! இப்படி ஒரு வாடிக்கையாளர் என் அப்பாவுக்கு ஆயுளில் வாய்த்ததில்லை. நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "சரிடா, உன் இஷ்டம்" என்று பெருமூச்சு விடுவது. பெருமூச்சுக்குக் காற்றையும் இழுத்துவிட்டேன்.

"அப்படி அனுப்பினா நீங்க தோத்துடுவீங்க, தோன் தொரிபியோ," என்றாள் கசில்தா.

இழுத்த காற்று இருமலாகப் போனது.

அவள் நெத்திலித் தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு மீனையும் ஒவ்வொரு நாளாக அடுக்கி, யாத்திரை நாட்களை வாலைக் கிள்ளி அடையாளம் வைத்து, எல்லாவற்றையும் விளக்கினாள். தொரிபியோ தட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இவன் சொல்லியிருக்க மாட்டான்," என்றான் என்னைக் காட்டி.

"மாட்டேன்," என்றேன். பொய் சொல்லி என்ன பயன்?

"நீ ஏன் சொன்ன?"

"ஜெயிச்சா குளம் ஜெயிக்கணும். உங்க யாத்திரை ஜெயிச்சதா இருக்கக் கூடாது."

அவன் ஞாயிற்றுக்கிழமை மீனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். பிறகு கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். "புதன், திங்கள். எடுத்துட்டுப் போ. பீருக்குக் காசு வச்சிட்டுப் போ."

அடுத்த வியாழன் சாயங்காலம் நகராட்சிக் கூடத்தில் உட்கார இடமில்லை. எலடியோ வாளியோடு வந்திருந்தார். மாகாணத்திலிருந்து பாரியெந்தோஸ் என்ற அதிகாரி வந்திருந்தார். ஒரு காகிதத்தைப் புரட்ட மூன்று முறை விரலை நாக்கில் வைக்கிற ஆள். முடிவை அவரே படித்தார்.

"காய்ச்சல் வலி மாத்திரை: உள்ளே எட்டாயிரம், வெளியே நானூற்று எண்பது. தேர்ச்சி. மூட்டு வலி மருந்து: உள்ளே ஐயாயிரம், வெளியே ஆயிரத்து நூறு. தேர்ச்சி. கிருமிக்கொல்லி: உள்ளே எழுநூறு, வெளியே இருநூறு. தேர்ச்சி." விரல், நாக்கு, காகிதம். "வலிப்பு மருந்து: உள்ளே ஐம்பது. வெளியே நாற்பத்தெட்டு."

கூடத்தில் யாரோ சீழ்க்கை அடித்தார்கள். கசில்தா தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு மருந்து தவறினால் ஒப்பந்தம் முடிந்தது," என்றார் பாரியெந்தோஸ். பின் கடைசித் தாளின் அடியில் பொடி எழுத்தில் எதையோ பார்த்து மூக்குக் கண்ணாடியை ஏற்றினார். "ஒரு விலக்கு இருக்கிறது. ஊரில் ஐந்து பேருக்கும் குறைவானவர்கள் உண்ணும் மருந்தானால் பட்டியலிலிருந்து எடுக்கலாம். ஆனால் மருத்துவரையும் மருந்துக் கடையையும் கேட்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. உண்பவர் தாமே முன்வந்து சொல்ல வேண்டும்."

மேயரம்மா கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "யாராவது இருந்தா சொல்லுங்க. வெக்கப்பட ஒண்ணும் இல்ல."

எங்கள் ஊரில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று சொன்னால், வெட்கப்பட நிறைய இருக்கிறது என்று அர்த்தம். பாரியெந்தோஸ் பேனாவைத் திறந்தார்.

"எழுதாதீங்க," என்றான் தொரிபியோ.

கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தான். மாத்திரைகள் உள்ளே கலகலத்தன.

"நீங்க ஒருத்தர் மட்டும்தான்னு எப்படித் தெரியும்?" என்றார் அதிகாரி.

கசில்தா அதற்குள் ஒரு தாளில் கணக்குப் போட ஆரம்பித்திருந்தாள். "தோன் தொரிபியோ, ஒரு நாளைக்கு எத்தனை?"

"காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"விழுங்கறதுல உடம்பு மாத்தாம விடறது கொஞ்சம்தான். அது இவ்வளவு, குளத்துக்குத் தினமும் வர்ற தண்ணி மூணு லட்சம் லிட்டர்..." தாளைத் திருப்பிக் காட்டினாள். "லிட்டருக்கு ஐம்பதுக்குப் பக்கத்துல வருது. ஒரே ஆள். ரெண்டாவது ஆளுக்கு இதுல இடமே இல்ல."

பாரியெந்தோஸ் தாளை இரண்டு முறை சரிபார்த்தார். நான்காவது வரியைப் பேனாவால் அடித்தார்.

"எத்தனை வருஷமாடா?" என்றேன்.

"எண்பத்தொம்பதுலேர்ந்து."

கூடத்தில் என் வயதொத்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தோம். எண்பத்தொன்பதில் மாகாணக் கோப்பை இறுதி ஆட்டம், இதே மைதானம். கடைசி நிமிடத்தில் பக்கத்து ஊர்க்காரன் அடித்த பந்து உருண்டு வந்தது. உருண்டுதான் வந்தது, எலடியோவே பிடித்திருப்பார். வடக்குக் கோலில் நின்ற தொரிபியோ பந்தைப் பார்க்கவே இல்லை. தரையில் விழுந்து கிடந்தான். அந்தக் காலத்துக் காசில் ஐயாயிரம் பெசெட்டா லஞ்சம் வாங்கிக்கொண்டு விழுந்தான் என்று ஊர் சொன்னது. அந்தத் தொகையை முதலில் சொன்னது நான். பேரம் தெரிந்தவன் சொன்னால் தொகை சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். முப்பத்தைந்து வருடமாக அவன் பாரில் உட்கார்ந்து, அவன் ஊற்றிய பீரைக் குடித்துக்கொண்டே அந்த நகைச்சுவையைச் சொல்லியிருக்கிறோம்.

"ஏன்டா அப்பவே சொல்லல?"

"வலிப்பு வந்தவனுக்கு யாருடா பொண்ணு குடுப்பா? காசு வாங்கினவனுக்குக் கூடக் குடுப்பாங்க. குடுத்தாங்களே." டப்பியைப் பையில் போட்டுக்கொண்டு கசில்தாவிடம் திரும்பினான். "பொண்ணே, வெளிவாய் எந்தப் பக்கம் வச்சிருக்க?"

"வடக்குக் கோல்ல."

"அப்ப உன் பாசி மேல தப்பில்ல. நான் விட்ட எடத்துலதான் அதுவும் விட்டிருக்கு. அந்தக் கோலே அப்படித்தான்."

அவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு அவன். எங்களுக்குச் சிரிக்க உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் கொஞ்சம் காத்திருந்துவிட்டு நாங்களும் சிரித்தோம்.

குளம் இருக்கிறது. உறைபெட்டிக்குக் கழகம் மாதம் இருபது யூரோ வாடகை கேட்டது, பதினாலில் முடித்தேன். கசில்தா வலிப்பு மருந்தைத் தின்னும் பாசி ஏதாவது உலகத்தில் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறாள்; அவளுடைய கண்ணாடிக் குடுவைகள் பாரின் ஜன்னல் ஓரத்தில் வரிசையாக வெயில் காய்கின்றன. யாராவது தொட்டால் தொரிபியோ கத்துகிறான். நான் மட்டும் என் வழக்கப்படி ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கணக்கை முடித்தேன். தேதிகள் வெவ்வேறு, அதற்கு இப்போது பழகிவிட்டேன்.

காய்ச்சல் வலி மாத்திரை, உள்ளே எட்டாயிரம், குளம் தின்றது ஏழாயிரத்து ஐந்நூற்று இருபது.

மூட்டு வலி மருந்து, உள்ளே ஐயாயிரம், தின்றது மூவாயிரத்துத் தொள்ளாயிரம்.

கிருமிக்கொல்லி, உள்ளே எழுநூறு, தின்றது ஐந்நூறு.

வலிப்பு மருந்து, உள்ளே ஐம்பது, தின்றது இரண்டு.

தொரிபியோவுக்கு ஊர் தர வேண்டிய பாக்கி: ஒரு கோல். முப்பத்தைந்து வருட வட்டி தனி.